முனையில்லா ஓடுபாதை!

2020-ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் 7-ஆம் நாள், இரவு கவியும் வேளை. கோழிக்கோட்டை அடுத்த கரிப்பூர் மலைமீது கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது மழை. துபாயிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மேலே சுற்றுகிறது. ஒருமுறை இறங்க வந்தது, இயலாமல் மேலேறிற்று. மறுமுறை வந்தது, இறங்கியேவிட்டது. உள்ளே இருந்தோர் 190 பேர். யார் அவர்கள்? உல்லாசப் பயணிகளா? இல்லை. கொள்ளைநோய் உலகை முடக்கிய அந்த ஆண்டில் வேலை பறிபோய் ஊர் திரும்பியவர்கள், பல மாதம் காத்திருந்து இடம் கிடைத்தவர்கள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள்.

ஓடுபாதையின் நீளம் 8,858 அடி. சக்கரம் தரையைத் தொட்டதோ 4,438 அடி கடந்த பிறகு! பாதையில் பாதியை ஆகாயத்திலேயே விழுங்கியாயிற்று. கீழே மழைநீர், பின்னாலிருந்து தள்ளும் காற்று. நிறுத்தப் பார்த்தார்கள், நிற்கவில்லை. பாதை முடிந்தது. பாதைக்கு அப்பால் விட்டிருந்த பாதுகாப்பு நிலமும் முடிந்தது. மலையும் முடிந்தது. அதற்கப்பால் பள்ளம். 21 பேர் மாண்டனர். விமானிகள் இருவரும் அந்த 21 பேரில் அடக்கம்.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 2010-ஆம் ஆண்டு மே 22 காலையில், மங்களூரிலும் இதே கதைதான். அதுவும் மலையுச்சியைச் சமப்படுத்திப் போட்ட மேசைப் பாதை. அதுவும் துபாயிலிருந்து வந்த விமானம். அங்கேயும் சக்கரம் தரையைத் தொடுமுன் பாதையில் ஏறக்குறைய 5,200 அடி கழிந்துவிட்டது. மிஞ்சியது 2,800 அடி. 166 பேரில் 158 பேர் மாண்டனர். பிழைத்தவர் எட்டே பேர்.

விசாரணை நடந்தது, அறிக்கைகள் வந்தன. மிகத் தள்ளி இறங்கியது தவறு, மீண்டும் மேலேறாமல் போனது தவறு, விதிப்படி நடக்கவில்லை என்று இரு அறிக்கைகளும் சொல்லின. மறுக்கவில்லை நாம். ஆனால் விமானி என்பவர் யார், தோழர்களே? நம்மைப் போல ரத்தமும் சதையும் கொண்ட மனிதர். மனிதர் தவறக்கூடும் என்பதை அறிந்துதானே மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்கிறோம். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்புகிறோம்? பாதை முடியும் இடத்தில் பள்ளம் காத்திருந்தால், ஒரு மனிதனின் ஒரு நிமிடத் தவறு 158 குடும்பங்களின் தலையில் அல்லவா விடிகிறது!

இந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் வந்து, "பாதைக்கு முனை என்று ஒன்று இருப்பதால்தானே இந்தத் தொல்லை? முனையே இல்லாத பாதை போட்டால் என்ன?" என்று ஒருவர் சொன்னால் எப்படியிருக்கும்? சொல்லத்தான் செய்தார்கள்.

வட்டமாக ஓர் ஓடுபாதை!

ஹாலந்து நாட்டில் தேசிய விண்வெளி, விமான ஆராய்ச்சிக் கூடம் ஒன்று உண்டு. அங்கே பணியாற்றிய ஹெங்க் ஹெஸ்ஸலிங்க் என்பவர் தலைமையில், ஜெர்மனி, பிரான்சு, ஸ்பெயின், போலந்து நாடுகளின் ஆராய்ச்சிக் கூடங்களும் சேர்ந்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில், 2012 முதல் 2014 வரை ஒரு திட்டத்தை ஆய்ந்தன. அதற்கு வைத்த பெயரே "முடிவில்லா ஓடுபாதை." 2017-இல் பி.பி.சி. அதைப் படம் பிடித்துக் காட்டியது. உலகமெங்கும் பேச்சு. "ஆகா, அற்புதம்!" என்றது ஒரு கூட்டம், "பைத்தியக்காரத்தனம்" என்றது இன்னொரு கூட்டம்.

என்ன அந்தத் திட்டம்? நடுவே விமான நிலையம். அதைச் சுற்றிலும் பெரியதொரு வளையமாக ஓடுபாதை. குறுக்களவு ஏறக்குறைய 3 கிலோமீட்டர். சுற்றளவு ஏறக்குறைய 10 கிலோமீட்டர். அகலம் 140 மீட்டர். பாதை தட்டையாக இராது. உட்புறம் சமதரை, வெளிப்புறம் போகப் போகத் தாம்பாளத்தின் விளிம்புபோல மேலேறும்.

திருவிழாப் பொட்டலிலே மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். பலகைச் சுவரில் மோட்டார் சைக்கிளை ஓட்டுகிறான் ஒருவன். வேகம் கூடக்கூட மேலே ஏறுகிறான். வேகம் குறையக் குறையக் கீழே இறங்குகிறான். ஏன் விழவில்லை? வட்டத்தில் சுற்றுகிறவனை வெளியே வீசப் பார்க்கிறது வேகம். சாய்ந்த சுவர் அவனை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொள்கிறது. அதே கணக்குத்தான் இந்தப் பாதைக்கும். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் விமானத்துக்கு அந்த வட்டத்தில் சுமார் 18 பாகைச் சாய்வு தேவைப்படும். வேகம் தணியத் தணிய அது சரிந்து சரிந்து உட்புறச் சமதரைக்கு வந்துசேரும்.

இதனால் வரும் பயன் என்ன? முதற்பயன் காற்றை ஒட்டியது. விமானம் காற்றை எதிர்த்து ஏறவும் இறங்கவும் விரும்பும். நேர்ப்பாதை ஒரே திக்கில் படுத்துக் கிடக்கிறது. காற்றோ நாளுக்கொரு திக்கில் வீசுகிறது. பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது விமானம் நண்டுபோல் ஒருக்களித்து இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு வயிறு கலங்கும். வட்டத்திலோ, காற்று எந்தத் திக்கிலிருந்து வந்தாலும் அதற்கு எதிர்முகமாக ஓர் இடம் எப்போதும் உண்டு. இரண்டாவது, ஒரே வளையத்தில் வெவ்வேறு இடங்களில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று விமானங்களைக் கையாளலாம் என்கிறார்கள். மூன்றாவது, நாலு நேர்ப்பாதை போடும் பெரிய விமான நிலையங்களைவிட நிலம் குறைவு. நான்காவது, இரைச்சல் ஒரே ஊரின் மேல் விழாமல் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் பகிர்ந்தளிக்கப்படும். இரைச்சலில் சமதர்மம்! ஒரு தெருவின் தலைவலியை எட்டுத் தெருவுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதை அந்த எட்டுத் தெருவும் ஏற்குமா என்பதை அந்தத் தெருக்காரர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஓட்டியும் பார்த்தார்கள்

இதைக் கேட்டதும் சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. இது ஏட்டளவில் நின்ற கனவு அல்ல. 1964, 65-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படையினர் உண்மையான விமானங்களை உண்மையான வட்டத்தில் இறக்கினார்கள், ஏற்றினார்கள். அரிசோனா மாநிலத்தில் மேசா என்ற ஊருக்கு அருகே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்குக் கார்களைச் சோதிக்கும் களம் இருந்தது. அங்கே ஐந்து மைல் சுற்றளவில், விளிம்பு உயர்ந்த வட்டச் சாலை. ஜேம்ஸ் கான்ரி என்ற கடற்படை அதிகாரி வட்டப் பாதை யோசனையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். புரொப்பெல்லர் விமானம், ஜெட் விமானம், நாலு என்ஜின் பூட்டிய கனத்த சரக்கு விமானம், எல்லாமே அந்தச் சாலையில் இறங்கின. முதலில் விமானிகள் திணறினர். சில முறை ஓட்டியதும் கை பழகிவிட்டது. விமானம் தன் வேகத்துக்கேற்ற உயரத்தைத் தானே தேடிக்கொண்டது.

ஆக, முடியும். முடியும் என்று காட்டி அறுபதாண்டு ஆகிறது. எனினும் இன்றுவரை உலகில் ஒரு மூலையிலேனும், பயணிகள் போக்குவரத்துக்கென ஒரு வட்ட ஓடுபாதை உண்டா? இல்லை. கார்ச் சோதனைக் களம் 2009-இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் பிறகு குடியிருப்பு எழுந்தது.

"செய்ய முடியும்" என்பது வேறு. "நடைமுறைக்கு ஆகும்" என்பது வேறு. இந்த வேறுபாட்டைக் காட்ட ஆங்கிலேயர் கடற்படையின் கதையைவிட நல்ல சான்று கிடைக்காது. சற்றே விரிவாகப் பார்ப்போம்.

ரப்பர் தளமும் கோணல் தளமும்

இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். ஜெட் விமானங்கள் வந்துவிட்டன. வேகம் அதிகம், எடையும் அதிகம், எண்ணெயைக் குடிப்பதோ அளவில்லை. விமானந்தாங்கிக் கப்பலின் சின்னஞ்சிறு தளத்தில் இவற்றை எப்படி இறக்குவது? ஆராய்ச்சிக் கூடத்தார் ஒரு வழி கண்டார்கள். "விமானத்துக்குச் சக்கரம் எதற்கு? சக்கரமும் அதைத் தாங்கும் கால்களும் வீண் பாரம். கழற்றி எறிவோம். கப்பல் தளத்தில் காற்றடைத்த ரப்பர் மெத்தை விரிப்போம். விமானம் வயிற்றால் வந்து விழட்டும்!"

விழுந்ததா? விழுந்தது! எரிக் பிரௌன் என்ற புகழ்பெற்ற சோதனை விமானி, 1947 இறுதியில் ஃபார்ன்பரோவில் தரைமீது விரித்த ரப்பரில் முதன்முறை முயன்றபோது விமானம் நொறுங்கிற்று, அவர் தப்பினார். விடவில்லை. மறுபடி மறுபடி இறக்கினார். 1948-இல் வாரியர் என்ற கப்பலின் தளத்திலேயே இறக்கிக் காட்டினார். வெற்றி! கைதட்டல்!

கைதட்டல் அடங்கியதும் ஒரு கேள்வி எழுந்தது. ரப்பர் மெத்தையில் வயிற்றால் படுத்துவிட்ட விமானத்தை இனி எப்படி நகர்த்துவது? சக்கரம்தான் இல்லையே! பளுதூக்கி கொண்டுவந்து, தூக்கி, தள்ளுவண்டியில் வைத்து, இழுத்துப் போகவேண்டும். அதற்குள் பின்னால் வரும் விமானம் எண்ணெய் தீர்ந்து கடலில் விழும். கப்பலுக்குப் போக முடியாமல் வேறு தளத்தில் இறங்க நேர்ந்தால்? அங்கேயும் ரப்பர் மெத்தை வேண்டும். நாட்டிலுள்ள விமானத் தளங்கள் எல்லாவற்றிலும் ரப்பர் மெத்தை விரிக்கவேண்டும். ஒன்றை மாற்றப் போய் உலகத்தையே மாற்றச் சொல்லிற்று அந்தத் திட்டம். கைவிட்டார்கள்.

அதே கடற்படை, சில ஆண்டு கழித்து, 1951. டென்னிஸ் கேம்பல் என்ற கப்பல் அதிகாரியும் லூயிஸ் பாடிங்டன் என்ற நிபுணரும் வேறொரு யோசனை சொன்னார்கள். அதுவரை விமானங்கள் கப்பலின் நீளவாட்டத்தில் நேராக இறங்கின. வாலிலுள்ள கொக்கி, குறுக்கே கட்டிய கம்பியைப் பற்றினால் நிற்கும். பற்றத் தவறினால்? எதிரே வலைத்தடுப்பு; அதற்கப்பால் நிறுத்திவைத்த மற்ற விமானங்கள், அவற்றைச் சுற்றி வேலை செய்யும் ஆட்கள். மோதல், தீ, சாவு. கேம்பல் சொன்னது இவ்வளவுதான்: இறங்கும் பாதையைச் சற்றே இடப்புறமாகக் கோணலாக்கி வரையுங்கள். கம்பி தவறிய விமானம் எதிரே எதுவுமில்லாத கடல்மீது பாய்ந்து, மறுபடி மேலேறி, சுற்றி வந்து இறங்கட்டும்.

1952-இல் ட்ரையம்ப் என்ற கப்பலில் இதைச் சோதித்தபோது புதிதாகக் கட்டியது எதுவுமில்லை. பழைய தளத்தின்மேல் பெயிண்டால் கோணலாகக் கோடு போட்டார்கள். அவ்வளவே! விமானத்தில் ஒரு திருகாணியைக்கூட மாற்றவேண்டியதில்லை. விமானிக்குப் புது வித்தை கற்பிக்கவேண்டியதில்லை. அமெரிக்கர்கள் பார்த்தார்கள், உடனே ஆன்டீடம் என்ற தங்கள் கப்பலில் செய்தார்கள். 1961-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் கப்பலிலும் கோணல் தளமே; 2022-இல் சேர்ந்த புதிய விக்ராந்திலும் கோணல் தளமே.

இரண்டும் மரபை மீறிய யோசனைகள்தாம். ஒன்று அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. மற்றொன்று உலகக் கடல்களில் மிதக்கிறது. ஏன்? ரப்பர் தளம், "நான் வரவேண்டுமானால் மற்றவை எல்லாம் மாறவேண்டும்" என்றது. கோணல் தளம், "நீங்கள் இருந்தபடி இருங்கள்; தவறினால் மறுபடி முயல நான் இடம் தருகிறேன்" என்றது.

இந்தத் தராசில் வட்டப் பாதையை வைப்போம்.

எங்கும் முனை!

வட்டப் பாதை வந்தால் எவை எவை மாறவேண்டும்? முதலில் விமானமே. இன்றைய பயணி விமானங்களில் என்ஜின் இறக்கைக்கடியில் தொங்குகிறது. சிலவற்றில் தரைக்கும் என்ஜினுக்கும் இடையே முழங்கால் உயரம்தான் இடைவெளி. குழிந்த தாம்பாளத்தின் விளிம்பிலே அறுபது மீட்டர் அகலத்துக்கு இறக்கை விரித்த விமானம் வந்து இறங்கும்போது, மேட்டுப்பக்கத்து இறக்கையும் என்ஜினும் தரையை உரசாமலிருக்க எவ்வளவு துல்லியம் வேண்டும்! மேசாவில் ஓடிய விமானங்கள் அந்தக் காலத்தவை, அளவில் சிறியவை.

அடுத்து, வழிகாட்டும் கருவி. மூடுபனியிலும் மழையிலும் விமானியைக் கைப்பிடித்து இறக்கும் வானொலிக் கதிர் நேர்க்கோட்டில்தான் பாயும். வளைந்து வரச் சொன்னால் வளையாது. செயற்கைக் கோள்களைக் கொண்டு வளைவுப் பாதை காட்டலாம் என்கிறார்கள், காட்டலாம். ஆனால் விமானி கண்ணால் பார்க்கும்போது எதிரே நீண்டு கிடக்கும் பாதை இராது; வளைந்து பக்கத்தில் மறையும் பாதைதான் இருக்கும்.

காற்றைப் பற்றிச் சொன்னார்களே, அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். இறங்கிய விமானம் நிற்க 2 கிலோமீட்டர் ஓடுகிறதென்று வையுங்கள். 3 கிலோமீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தில் 2 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 76 பாகை திரும்பியிருக்கும். கால் வட்டத்துக்குக் கொஞ்சந்தான் குறைவு. கிழக்கு நோக்கி இறங்கியவர் நிற்கும்போது ஏறத்தாழ வடக்கு நோக்கி நிற்பார். தொட்டபோது முகத்தில் அடித்த காற்று, நிற்கும்போது விலாவில் அடிக்கும். வேகம் குறைந்த நேரத்தில் அடிப்பதால் அபாயம் குறைவு என்பது உண்மை. ஆனால் பக்கக் காற்றே இல்லாத பாதை என்று பறைசாற்றுவது உண்மையல்ல.

முனை இல்லை என்கிறார்களே, அது? நேர்ப்பாதையில் பிரேக் தவறினால் விமானம் எங்கே போகும்? நேரே போகும். எங்கே போய் விழும் என்பது முன்கூட்டியே தெரியும். அங்கே தடுப்பு வைக்கலாம், தீயணைப்பு வண்டியை நிறுத்தலாம். வட்டப் பாதையில் டயர் வெடித்து, திசைதிருப்பும் கருவி கையை விட்டால் எங்கே போகும்? அப்போதும் நேரேதான் போகும்! பாதைதான் வளையும், விமானம் வளையாது. பத்துக் கிலோமீட்டர்ச் சுற்றளவில் எந்த இடத்திலும் அது விளிம்பைத் தாண்டலாம். அல்லது சரிந்து உள்ளே, பயணிகள் நிற்கும் கட்டடத்தின் பக்கம் வரலாம். முனையே இல்லாத பாதை என்றார்கள்; சுற்றிலும் முனையாகவே உள்ள பாதை என்பதல்லவா பொருத்தம்?

கட்டட வேலை தெரிந்த தோழர்களுக்கு இன்னொன்று சொல்லவேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 10 கிலோமீட்டர் நீளம், 140 மீட்டர் அகலமென்றால் 14 லட்சம் சதுர மீட்டர்த் தளம். மூன்றரைக் கிலோமீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் உள்ள நேர்ப்பாதை ஒன்றுக்கு 2 லட்சத்து 10 ஆயிரம்; நாலு பாதைக்கும் சேர்த்து 8 லட்சத்து 40 ஆயிரம். வட்டத்துக்கு அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அதுவும் சமதளமா? நூல் பிடித்து மட்டம் பார்க்க வழியில்லாத தாம்பாள வளைவு. அங்குலம் பிசகினாலும் சக்கரம் குதிக்கும். மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் முழுதும் உட்புறத்துக்குத்தான் இறங்கும், விமானம் வேகம் குறைந்து வந்து சேரும் அதே இடத்துக்கு. நேர்ப்பாதையென்றால் இன்று ஒன்று போடலாம். பத்தாண்டு கழித்துப் பணம் வந்தால் இன்னொன்று போடலாம். வட்டத்தைப் பாதி போட்டுப் பாதி நிறுத்தினால்? அரைச் சக்கரத்தில் வண்டி ஓடுமா? போட்டு முடித்தபின் நடுவிலுள்ள நிலையத்தை விரிக்க இடமில்லை. பயணியும் சாமானும் தொழிலாளியும் உள்ளே போகச் சுரங்கம்தான் வழி.

இத்தனையையும் மாற்றிவிட்டாலும், பழுதாகிப் பக்கத்து ஊருக்குத் திருப்பிவிடப்படும் விமானம் அங்கே நேர்ப்பாதையில்தான் இறங்கவேண்டும். விமானி இரண்டு வித்தையும் கற்றிருக்கவேண்டும்.

ரப்பர் மெத்தையின் கதைதான், இல்லையா?

மலை கேட்ட பாதை

மரபை மீறிய பாதையே கூடாதென்று நாம் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். நேபாளத்தில் லுக்ளா என்றோர் ஊர். எவரெஸ்டுக்குப் போகும் வழியில், கடல் மட்டத்துக்கு 2,845 மீட்டர் உயரத்தில். அங்கே ஓடுபாதை 527 மீட்டர்தான். அதுவும் சமதரையல்ல, நூறடிக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கில் ஏறிச் செல்லும் சரிவு! ஒரு முனையில் பாதாளம், மறுமுனையில் மலைச்சுவர். மேல்நோக்கி ஏறி இறங்குகிறது விமானம்; ஏற்றமே பிரேக். புறப்படும்போது கீழ்நோக்கிப் பாய்கிறது, இறக்கமே வேகம். 1964-இல் எட்மண்ட் ஹிலாரி முன்னின்று இதைப் போட்டபோது மண் இறுகவில்லையாம். உருளை இயந்திரத்துக்கு எங்கே போவது? ஷெர்ப்பாக்களுக்குச் சாராயம் வாங்கிக் கொடுத்து, கைகோத்து ஆடச் சொன்னாராம். ஆடி ஆடி மிதித்தே தரையை இறுக்கினார்களாம்.

சிறு விமானங்களுக்கு மட்டுமே ஏற்ற பாதை அது. இறங்கத் தவறினால் மறுமுறைக்கு வழியில்லை. 2008-இல் மூடுபனியில் வந்த விமானம் மோதி 18 பேர் மாண்டனர். அபாயம் உண்டுதான். ஆனால் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பொருள் வேண்டுமானால் பலநாள் மலைப்பாதையில் முதுகுச் சுமையாகக் கொண்டு போகவேண்டியிருந்த ஊர் அது. இருக்கிற விமானத்தைக் கொண்டு, இருக்கிற மலையிலே போட்ட பாதை. வேறெதையும் மாற்றச் சொல்லவில்லை.

போர்த்துகல் நாட்டுக்குச் சொந்தமான மதீரா தீவின் கதை கரிப்பூருக்கு இன்னும் நெருங்கியது. 1964-இல் ஃபுன்ஷால் நகருக்கருகே மலைக்கும் கடலுக்கும் நடுவே 1,600 மீட்டரில் ஒரு பாதை திறந்தார்கள். 1977 நவம்பர் 19 இரவு, கடும் மழை. போயிங் 727 ஒன்று மூன்றாம் முறையாக முயன்று, தள்ளி இறங்கி, நிற்காமல் முனையைத் தாண்டிக் கீழே விழுந்தது. 164 பேரில் 131 பேர் மாண்டனர். மழை, தள்ளி இறங்குதல், முனை, பள்ளம்: நாலும் அங்கே முன்பே நடந்தவை!

என்ன செய்தார்கள்? வட்டம் போடவில்லை. முதலில் 200 மீட்டர் நீட்டினார்கள். அதுவும் போதாதென்று, நிலமில்லாத இடத்தில் சுமார் 180 கான்கிரீட் தூண்களை நட்டு, அவற்றின்மேல் பாலம்போல் பாதையைக் கொண்டு போனார்கள். 2000-ஆம் ஆண்டில் 2,781 மீட்டர் ஆயிற்று. மேலே விமானம் ஓடுகிறது. கீழே தூண்களுக்கு நடுவே மக்கள் பந்தாடுகிறார்கள், கார் நிறுத்துகிறார்கள். காற்றின் தொல்லை அங்கே இன்றும் உண்டு. பலத்த காற்றடித்தால் விமானங்கள் திரும்பிப் போகின்றன. ஆனால் பாதை நேர்ப்பாதை. விமானம் பழைய விமானம். வந்து இறங்குகிற விமானிக்குக் கிடைத்தது, தவறினால் ஓடி நிற்க இன்னும் ஓராயிரம் மீட்டர்.

நொறுங்கும் கான்கிரீட்

தூண் நட எல்லாரிடமும் பணமிருக்குமா? வேண்டாம். அதனினும் எளிய வழியொன்று இருக்கிறது. உலக விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, பெரிய ஓடுபாதைகளின் முனைக்கப்பால் குறைந்தது 90 மீட்டர் பாதுகாப்பு நிலம் கட்டாயம். 240 மீட்டர் இருப்பது நலம் என்கிறது பரிந்துரை. மங்களூரில் 2010-இல் இருந்தது 90 மீட்டர். அதற்கடுத்து, இறங்கும் கருவிக்கான கம்பம் நட்ட கான்கிரீட் மேடை ஒன்று நின்றது. விமானத்தின் இறக்கை அதில்தான் மோதிற்று.

நிலம் இல்லாத இடத்தில்? நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் 1996-இல் ஒன்று செய்தார்கள். பாதையின் முனைக்கப்பால், நுரைபோலக் காற்றுக்குமிழி நிறைந்த இலேசான சிமென்ட் கட்டிகளைப் பாய் விரித்தாற்போல் பதித்தார்கள். மனிதன் நடந்தால் தாங்கும். விமானச் சக்கரம் ஏறினால் நொறுங்கும். நொறுங்க நொறுங்கச் சக்கரம் புதையும். ஆற்று மணலில் மாட்டுவண்டி சிக்கினாற்போல் விமானம் நின்றுவிடும். 1999-இல் அதே நிலையத்தில் நிற்காமல் ஓடிவந்த சிறு பயணி விமானத்தை அது பிடித்து நிறுத்திற்று. 2005-இல் ஒரு 747 சரக்கு விமானத்தையே பிடித்தது. அமெரிக்காவில் இதுவரை இருபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் இப்படித் தடுத்து நிறுத்தப்பட்டுள்ளன. கட்டி நொறுங்கியது, மனிதர்கள் நடந்து இறங்கினார்கள்.

இதற்குப் பி.பி.சி. படம் பிடித்து உலகம் வாய்பிளந்ததா? இல்லை. நொறுங்குகிற சிமென்ட்டில் பார்க்க என்ன அழகு இருக்கிறது!

ஹெஸ்ஸலிங்க் குழுவினரைக் குறை சொல்வதல்ல நம் நோக்கம். அவர்கள் பெரிய நகரங்களின் பெரிய நிலையங்களை மனத்தில் வைத்து ஆய்ந்தார்கள், ஆராய்ச்சி வேண்டியதுதான். ஆனால் அந்த வட்டம் அடைக்கும் நிலத்தைப் பாருங்கள். 3 கிலோமீட்டர்க் குறுக்களவென்றால் ஏழு சதுரக் கிலோமீட்டர். ஏறக்குறைய 1,750 ஏக்கர். அவ்வளவும் மட்டமான நிலமாக வேண்டும். பாதையின் முனை உயிரைக் குடிப்பது எங்கே? கரிப்பூரில், மங்களூரில், மதீராவில், அதாவது மட்டமான நிலம் இல்லாத மலைகளில். அங்கே வட்டம் போட மலையே போதாது. முனை கொல்லும் இடத்துக்கு முனையில்லாப் பாதை வர முடியாது. அது வர முடிந்த சமவெளியில், நீட்டுவதற்கு நிலம் இருக்கவே இருக்கிறது.

கரிப்பூரில் விபத்துக்குப் பிறகு பாதுகாப்பு நிலத்தை நீட்ட முடிவு செய்தார்கள். அதற்காகப் பள்ளிக்கல், நெடியிருப்பு ஆகிய பக்கத்துக் கிராமங்களில் எடுக்க முனைந்த நிலம் பதினைந்து ஏக்கருக்கும் குறைவு. 1,750 ஏக்கர் எங்கே, பதினைந்து ஏக்கர் எங்கே! ஆனால் அந்தப் பதினைந்து ஏக்கரிலும் வீடு உண்டு, தென்னை உண்டு, குடும்பம் உண்டு.

அன்றிரவு மழையில், நோய் தொற்றுமே என்று உலகமே கதவடைத்துக் கிடந்த நேரத்தில், முதலில் ஓடிவந்தவர்கள் அந்தக் கொண்டோட்டி வட்டாரத்து மக்கள்தான். ஆம்புலன்சுக்குக் காத்திராமல் தங்கள் வண்டிகளிலேயே அடிபட்டவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பெயர் தெரியாத குழந்தைகளைத் தோளில் தூக்கிப் போனார்கள். பிறகு வீட்டுக்கும் போக முடியாமல் நாள்கணக்கில் தனித்திருந்தார்கள். பாதையை நீட்டக் கேட்கும் நிலம் அந்த வட்டாரத்தாருடையது. அதற்குரிய விலை ஒரு காசு குறையாமல் அவர்கள் கைக்கு வரவேண்டும். வீடு இழந்தவருக்கு வீடு, இடிக்கும் முன்பே, எழுந்திருக்கவேண்டும்.